மைக் கான்லி: எங்கள் கோர்ட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு ஹலசூரில் நாங்கள் வார இறுதியில் ஆடும் கூடைப்பந்து கோர்ட்டில், பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் கரி, லெப்ரான், யோகிச் என்று பதில் வரும். நான் மைக் கான்லி என்று சொல்வேன். உடனே கேள்விகள் தொடங்கிவிடும். கோர்ட்டுக்கு வரும் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், அலுவலக நண்பர்கள் என எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைக் கேட்பதால், அவற்றை அவரவர் கேட்ட விதத்திலேயே தொகுத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அக்கா, யாரு இந்த மைக் கான்லி? நான் பேரே கேள்விப்பட்டதில்லையே.

அமெரிக்காவின் என்பிஏ லீகில் நெடுங்காலமாக ஆடிவரும் பாயிண்ட் கார்டு. 1987 அக்டோபரில் அர்கன்சா மாநிலத்தின் ஃபேயட்வில் நகரில் பிறந்தவர். 2007-இல், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் டிராஃப்ட் தேர்வில் நான்காவது ஆளாக மெம்பிஸ் கிரிஸ்லீஸ் அணிக்கு வந்தார். அந்த ஆண்டு முதல் தேர்வு கிரெக் ஓடன், இரண்டாவது கெவின் டுராண்ட், மூன்றாவது அல் ஹார்ஃபோர்ட். மெம்பிஸில் 12 சீசன் ஆடிய பின் 2019-இல் யூட்டா ஜாஸ் அணிக்கும், 2023 பிப்ரவரியில் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணிக்கும் மாறினார். மெம்பிஸை விட்டுக் கிளம்பியபோது அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள், அதிக அசிஸ்ட் (கூடை போடுபவருக்குக் கொடுக்கும் பாஸ்), அதிக ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), அதிக ஆட்டங்கள் ஆகிய நான்கும் அவர் பெயரில்தான் இருந்தன.

விளையாட்டு அவருக்குக் குடும்பச் சொத்து. அவருடைய தந்தையின் பெயரும் மைக் கான்லிதான். மும்முறைத் தாண்டுதலில் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளியும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கமும் வென்றவர் அவர்.

பெங்களூர்ல இருந்துகிட்டு இந்த ஆட்டத்தையெல்லாம் எப்போ பாக்குறீங்க? ராத்திரி முழிச்சிருக்கணுமா?

வேண்டாம். மினசோட்டாவிலோ மெம்பிஸிலோ இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அங்கே குளிர்காலமாக இருந்தால் நமக்குக் காலை ஆறரை மணிக்கும், மார்ச் மாதத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு ஐந்தரை மணிக்கும் வரும். முதல் பாதியை வீட்டில் காபியோடு பார்த்துவிட்டு, ஹலசூரு நிலையத்தில் மெட்ரோ ஏறினால் ஒயிட்ஃபீல்டு போவதற்குள் மீதி ஆட்டத்தை முடித்துவிடலாம். வேலை நாளில் முழு ஆட்டத்துக்கும் நேரமில்லாதவர்கள் நான்காவது குவாட்டரையாவது பார்க்க வேண்டும், ஏனென்றால் கான்லியின் அருமை அங்கேதான் அதிகம் தெரியும்.

பாயிண்ட் கார்டுன்னா பந்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்குறவர்தானே? அதுல என்ன பெருசா இருக்கு?

பந்து கைக்கு வந்ததும் எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், 24 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்தக் குறுகிய நேரத்துக்குள் யார் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் ஸ்கிரீன் போட வேண்டும் (எதிராளியின் வழியை அடைத்து நிற்க வேண்டும்), எதிரணியில் யார் தளர்ந்திருக்கிறார், நம் அணியில் யாருக்குப் பத்து நிமிடமாகப் பந்தே கிடைக்கவில்லை என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பவர் பாயிண்ட் கார்டு. பந்தைக் கொண்டுபோவது அந்த வேலையின் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே.

தவறான முடிவு, எதிரணியிடம் பந்தை இழந்த டர்ன்ஓவராகக் கணக்கில் ஏறிவிடும். சரியான முடிவு பல சமயம் எந்தக் கணக்கிலும் ஏறாது. கான்லி பந்தை விங்கில் நிற்பவருக்குக் கொடுத்து, அவர் மூலையில் நிற்பவருக்குக் கொடுத்து, அந்த மூன்றாமவர் த்ரீ (தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்) போட்டால், அசிஸ்ட் இரண்டாமவருக்கே போகும். அந்த வாய்ப்பை உருவாக்கிய கான்லியின் பெயர் ஸ்கோர் தாளில் வராது.

ஹைலைட்ஸ் பார்த்தேன், ஒண்ணுமே இல்லையே. அவர் ஆட்டத்துல எதைத்தான் பாக்கணும்?

ஹைலைட்ஸ் தொகுப்பவர்கள் டங்க் போட்டதையும் தூரத்திலிருந்து எறிந்ததையும் வெட்டி எடுக்கிறார்கள். கான்லியின் சிறப்பு அந்த நொடிக்கு முன்னால் வரும் மூன்று வினாடிகளில் இருக்கிறது. பிக் அண்ட் ரோல் என்னும் ஆட்டமுறையில் அவரை ஒரு முறை கூர்ந்து கவனித்துவிட்டால் போதும், அதன் பிறகு உங்கள் கண் தானாகவே அதைத் தேடும்.

யூட்டாவிலும் மினசோட்டாவிலும் கான்லியோடு ஆடிய உயரமான சென்டர் ரூடி கோபேர் மேலே வந்து, கான்லியைத் தடுக்கும் எதிரணிக் கார்டின் வழியை அடைத்து அசையாமல் நிற்கிறார். அவருடைய இடுப்பை உரசியபடி கான்லி வளைந்து வருகிறார். பெரும்பாலான கார்டுகள் இந்த இடத்தில் வேகத்தைக் கூட்டி வளையத்தை நோக்கிப் பாய்வார்கள், ஆனால் கான்லி வேகத்தைக் குறைக்கிறார். பின்னால் துரத்தி வருபவர் தன் முதுகோடு முட்டிக்கொண்டு வேறெங்கும் போக முடியாதபடி நின்று, பந்தை இரண்டு மூன்று தட்டு தட்டுகிறார். அதற்குள் கோபேர் வளையத்தை நோக்கி நழுவிவிடுகிறார். இப்போது எதிரணியின் உயரமான சென்டர் ஒருவர் மட்டும் தனியாக இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கான்லி பந்தை ஒற்றைக் கையில் உயர்த்துகிறார். சென்டர் ஓரடி முன்னால் வந்தால், அந்தக் கையசைவே பாஸாக மாறி, வளையத்துக்குப் பக்கத்தில் கோபேரின் கையில் பந்து போய்ச் சேரும். அவர் பின்வாங்கினால், அதே கையசைவே ஃப்ளோட்டராக, அவருடைய விரல் நுனிக்கு மேலே எழும்பி வளையத்துக்குள் விழும். எது வரப்போகிறது என்று பந்து கையை விட்டுப் போகும்வரை அந்தச் சென்டருக்குத் தெரியாது.

உங்கள் கண் எப்போதும் பந்தின் மேலேயே இருந்தால் இதைத் தவறவிடுவீர்கள். அந்தச் சென்டரின் கால்களைப் பாருங்கள். அவர் முன்னே வருவதா பின்னே போவதா என்று தயங்கும் அரை வினாடிதான் கான்லி சம்பாதித்தது.

அவர் இடது கைக்காரரா, வலது கைக்காரரா? ஒவ்வொரு கிளிப்லயும் ஒவ்வொரு மாதிரி தெரியுது.

ஜம்ப் ஷாட்டை இடது கையால் எறிவார். முன்பு சொன்ன ஃப்ளோட்டரைப் பெரும்பாலும் வலது கையால் போடுவார். இரண்டு கையும் ஒன்றுபோல் வருவதால் அவரை ஒரு பக்கமாகத் தள்ளித் தடுப்பது கடினம். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் லீக் நின்றுபோயிருந்த நேரத்தில், ஆட்டக்காரர்கள் அவரவர் இருந்த இடத்திலிருந்தே ஆடிய 'ஹார்ஸ்' போட்டி தொலைக்காட்சியில் வந்தது. ஒருவர் போட்ட ஷாட்டை மற்றவரும் அதேபோல் போட்டாக வேண்டும் என்பதுதான் அதன் விதி. கான்லி இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, அரையிறுதியில் சாக் லவீனையும் இறுதியில் சான்சி பில்லப்ஸையும் வென்றார்.

அவ்ளோ நல்லா ஆடுறவர்னா ஆல் ஸ்டாருக்கு வர்றதுக்கு ஏன் 14 சீசன் ஆச்சு?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். காரணம் ஒன்றல்ல, பல சேர்ந்து வந்தன.

முதலாவது, லீகின் இரண்டு பிரிவுகளில் அவர் ஆடிய மேற்குப் பிரிவில் இருந்த நெரிசல். சீசனின் நடுவே சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குப் பிரிவுக்குப் பன்னிரண்டு பேர்தான். அவர்களில் ஐந்து பேர் ரசிகர் வாக்கின் செல்வாக்கோடு முதல் ஐவராக வருவார்கள், மீதி ஏழு பேரைப் பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். கான்லியின் நல்ல ஆண்டுகளில் அந்தப் பிரிவின் கார்டு இடங்களுக்கு நின்றவர்கள் கிறிஸ் பால், ஸ்டீஃபன் கரி, ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன், டோனி பார்க்கர், டேமியன் லில்லார்ட், அவர்களோடு கோபி பிரயன்ட். அவர் கிழக்குப் பிரிவில் ஆடியிருந்தால் ஓரிரு முறையாவது உள்ளே போயிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது, மெம்பிஸ் ஆடிய விதம். லீகிலேயே மிக மெதுவாக ஆடிய அணிகளில் அதுவும் ஒன்று. பந்து கைக்கு வரும் தடவைகள் குறைந்தால் எல்லாருடைய எண்ணிக்கையும் குறையும், சராசரியை மட்டும் பார்ப்பவர்களுக்குக் கான்லி சாதாரணமாகவே தெரிவார். மெம்பிஸ் சிறிய நகரம் என்பதால் நாடு முழுவதும் ஒளிபரப்பாகும் ஆட்டங்களும் அதற்குக் குறைவு. மூன்றாவது, காயங்கள். புள்ளிக் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த சீசன் 2016–17. ஆட்டத்துக்கு 20.5 புள்ளி, 6.3 அசிஸ்ட். அந்த ஆண்டிலும் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டுச் சில வாரம் ஆட முடியவில்லை. அடுத்த ஆண்டு குதிகால் பிரச்சினையால் 12 ஆட்டத்தோடு சீசனே முடிந்துபோனது.

கடைசியிலயும் புக்கருக்கு அடிபட்டதாலதானே போனார்? அதைப் போய் கணக்குல சேக்குறதா?

சேர்க்க வேண்டும். 2021 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் டெவின் புக்கரால் ஆட முடியாமல் போனபோது, அவருடைய இடத்துக்கு லீக் ஆணையர் ஆடம் சில்வர் கான்லியைத் தேர்ந்தெடுத்தார். காயத்தால் காலியாகும் இடத்தை நிரப்புவது ஆணையரின் பொறுப்பு, அந்த வழியாக எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். அந்த சீசனில் லீகிலேயே அதிக வெற்றி பெற்ற அணி யூட்டா. 72 ஆட்டத்தில் 52 வெற்றி. அந்த அணியின் ஆட்டத்தை நடத்தியவர் 16.2 புள்ளி, 6 அசிஸ்ட், த்ரீயில் 41 சதவீதத்துக்கு மேல் என்று வைத்திருந்தார். யாருடைய காயத்துக்காகவும் காத்திருக்காமல் முதலிலேயே எடுத்திருக்க வேண்டிய பெயர் அது.

அட்லாண்டாவில் அந்த ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு முன் அதே மாலை நடந்த த்ரீ பாயிண்ட் போட்டியிலும் புக்கருடைய இடத்தில் இறங்கினார். இறுதிச் சுற்றில் 27 புள்ளி எடுத்தார். கரி தன் கடைசிப் பந்தைப் போட்டு 28 எடுத்த பிறகுதான் கான்லி தோற்றார்.

'கிரிட் அண்ட் கிரைண்ட்'னு சொல்றீங்களே, அது என்ன?

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெம்பிஸ் அணிக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. வளையத்துக்கு அடியில் சாக் ரேண்டால்ஃப், நடுவில் மார்க் கசோல், எதிரணியின் சிறந்த கார்டை விடாமல் ஒட்டிக்கொள்ள டோனி ஆலன், இவர்கள் எல்லாரையும் இயக்கக் கான்லி. அழகாக ஆடுவது அவர்களுடைய நோக்கமாக இருக்கவில்லை. மல்லுக்கட்டி, உரசி, எதிராளிக்கு எளிதான ஒரு ஷாட் கூடக் கொடுக்காமல் வென்றார்கள். 2011-இல், சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் எட்டாம் இடத்தில் நுழைந்து, முதலிடத்தில் இருந்த சான் அன்டோனியோவை 4–2 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பிளேஆஃபுக்குப் போனார்கள். 2013-இல் மேற்குப் பிரிவின் இறுதிவரை போய், அதே சான் அன்டோனியோவிடம் 0–4 என்று தோற்றார்கள்.

2013 ஜனவரியில் அணியின் முக்கிய ஸ்கோரர் ரூடி கேவை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அணி சரிந்துவிடும் என்று பலர் பேசினார்கள். அதன் பிறகு பந்து அதிகமாகக் கான்லியிடமும் கசோலிடமும் வந்தது, அணியும் 56 வெற்றியோடு சீசனை முடித்தது. அந்த ஆண்டு லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது கசோலுக்குக் கிடைத்தது. ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களின் பட்டியலில், இரண்டாம் அணியில் கான்லி இடம்பெற்றார்.

முகமூடி போட்டுக்கிட்டு ஆடினார்னு சொன்னாங்களே, அது நிஜமா?

நிஜம்தான். 2015 பிளேஆஃபின் முதல் சுற்றில், போர்ட்லாண்டுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் எதிரணிக்காரரின் முழங்கை இடித்து அவருடைய முக எலும்புகள் முறிந்தன. ஓரிரு நாளில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அடுத்த சுற்றில் எதிரே இருந்தது கோல்டன் ஸ்டேட், அந்த சீசனில் 67 வெற்றி பெற்று, சொந்த மைதானத்தில் ஆடிய 41 ஆட்டத்தில் இரண்டில் மட்டுமே தோற்ற அணி. முதல் ஆட்டத்தில் கான்லி இல்லாமல் மெம்பிஸ் தோற்றது.

மே 5-ஆம் தேதி, இரண்டாவது ஆட்டத்துக்கு, கண் வீங்கிச் சிவந்திருக்க முகமூடியோடு இறங்கினார். 22 புள்ளி எடுத்தார், மெம்பிஸ் 97–90 என்று அதே மைதானத்தில் வென்றது. அந்தத் தொடரை இறுதியில் கோல்டன் ஸ்டேட் 4–2 என்று வென்று, பின்னர் கோப்பையையும் வென்றது உண்மைதான். இருந்தாலும் ஒரே ஒரு கான்லி ஆட்டத்தை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். வலியைத் தாங்கினார் என்பதற்காக மட்டும் இல்லை. அப்படிப்பட்ட நிலையிலும் அவசரப்படாமல், முன்பு விவரித்த அதே நிதானத்தோடு ஆடினார்.

15.3 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினவரை எப்படி 'மதிக்கலை'ன்னு சொல்றீங்க?

நியாயமான கேள்வி. 2016-இல் அவர் கையெழுத்திட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம், மொத்தத் தொகையில் அதுவரை என்பிஏ கண்டவற்றிலேயே மிகப் பெரியது. ஆனால் அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் அந்தக் கோடையில் அணிகளின் சம்பள வரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடி டாலருக்கு ஒரே தாவலாக ஏறியது. பெரிய நட்சத்திரங்கள் பலர் முன்பே கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் இருந்தார்கள், லெப்ரான் போன்றவர்கள் வேண்டுமென்றே குறுகிய ஒப்பந்தங்களை எடுத்தார்கள். கான்லியின் பழைய ஒப்பந்தம் சரியாக அந்த நேரத்தில் முடிந்தது.

ஆகவே 'ஆல் ஸ்டாரே ஆகாதவருக்கு இவ்வளவா' என்னும் கேலிதான் அவருக்கு முதலில் கிடைத்தது. 2010-இல் சுமார் 4 கோடி டாலருக்கு ஐந்தாண்டு நீட்டிப்புக் கொடுத்தபோதும் இதே பேச்சு எழுந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் மெம்பிஸ் எங்கே போனது என்பதை முந்தைய பதில்களில் பார்த்தீர்கள். பணம் கொடுத்த அணி அவரைச் சரியாக மதிப்பிட்டது, வெளியிலிருந்து பார்த்தவர்கள் மதிப்பிடவில்லை.

யூட்டாவுல சொதப்பினார்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சு சொல்றாரே?

முதல் ஆண்டைப் பற்றி அவர் சொல்வது சரி. 2019 அக்டோபரில் யூட்டாவுக்காக ஆடிய முதல் ஆட்டத்தில் 16 ஷாட் எறிந்து ஒன்றுதான் உள்ளே போட்டார். 12 ஆண்டுகளாக ஒரே ஊரில், ஒரே கூட்டாளிகளோடு ஆடியவருக்குப் புதிய அணியின் இடங்களும் நேரங்களும் பிடிபடக் காலமானது. அந்த சீசனின் பிளேஆஃப், பெருந்தொற்றின் காரணமாக ஆர்லாண்டோவில் மூடிய வளாகத்துக்குள் நடந்தது. குழந்தை பிறந்ததால் முதல் இரண்டு ஆட்டத்துக்கு இல்லாமல் போய்விட்டு, மூன்றாவதில் திரும்பி வந்து 27 புள்ளி எடுத்தார். ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் அவர் எறிந்த த்ரீ வளையத்துக்குள் இறங்கி வெளியே சுழன்று வந்தது. டென்வர் 80, யூட்டா 78. எனக்கு இன்றும் மனம் ஆறாத ஷாட் அது.

அடுத்த சீசன் என்னவானது என்பதை ஆல் ஸ்டார் பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன். அந்த ஆண்டின் பிளேஆஃபில் தொடைத் தசை இழுத்துக்கொண்டதால், கிளிப்பர்ஸுக்கு எதிரான முதல் ஐந்து ஆட்டத்திலும் அவர் இல்லை. 2–0 என்று முன்னணியில் இருந்த யூட்டா தொடர்ந்து நான்கில் தோற்றது. ஆறாவதில் அவர் திரும்பியும் காப்பாற்ற முடியவில்லை.

கோபேர் மாதிரி ஒரு சென்டர் கூட இருந்தா யார் வேணாலும் அசிஸ்ட் போடலாமே?

கோபேரால் கான்லிக்கு நன்மை உண்டு என்பதை மறுக்க மாட்டேன், அவ்வளவு பெரிய ஸ்கிரீன் போடுபவர் அமைவது எந்தக் கார்டுக்கும் வரம். ஆனால் கோபேரைச் சந்திப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கசோலோடும் ரேண்டால்ஃபோடும் இதே வேலையைக் கான்லி செய்திருக்கிறார். அவர்கள் கோபேரைப் போல வளையத்துக்கு மேலே தாவிப் பிடிக்கும் ஆட்டக்காரர்கள் அல்லர். கசோலுக்குப் பந்து ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்தில் வேண்டும், ரேண்டால்ஃபுக்கு இடப்பக்கக் கீழ்ப்பகுதியில் வேண்டும், கோபேருக்கு ஆகாயத்தில் வேண்டும். மூவருக்கும் அவரவர் விரும்பிய இடத்தில் கொடுத்தவர் ஒருவரே.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2022-இல் கோபேரை வாங்கிய மினசோட்டா, அவரைச் சரியாகப் பயன்படுத்த முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. சில மாதத்திலேயே கான்லியையும் வாங்கியது. கோபேரோடு எப்படி ஆடுவது என்று தெரிந்த கார்டு தேவை என்பதை அந்த அணி உணர்ந்திருந்தது.

மினசோட்டாவுல எல்லாத்தையும் பண்றது ஆன்டனி எட்வர்ட்ஸ். இவர் அங்க எதுக்கு?

எட்வர்ட்ஸ் அந்த அணியின் முதல் நட்சத்திரம், அதில் வாதமே இல்லை. கான்லி இருக்கும்போது எட்வர்ட்ஸ் ஒவ்வொரு தடவையும் பந்தைத் தானே கொண்டுவந்து இரட்டைத் தடுப்பை உடைக்க வேண்டியதில்லை. எதிரணி நகரத் தொடங்கிய பிறகு, தனக்கு வசதியான இடத்தில் பந்தைப் பெறலாம். 2023–24 சீசனில், 36 வயதில், கான்லி த்ரீயில் 44 சதவீதம் போட்டார், ஆட்டத்துக்கு ஆறு அசிஸ்டுக்கு ஒன்றேகால் டர்ன்ஓவர் என்ற அளவில்தான் பந்தை இழந்தார். த்ரீ கோட்டில் அவரைத் தனியே விட முடியாததால் எட்வர்ட்ஸுக்கு உள்ளே இடம் கிடைத்தது.

2024-இல் நடப்புச் சாம்பியன் டென்வருக்கு எதிரான தொடரைப் பாருங்கள். ஐந்தாவது ஆட்டத்தில் குதிகால் தசைநாண் வலியால் கான்லி ஆடவில்லை. எட்வர்ட்ஸ் 15 ஷாட்டில் ஐந்துதான் போட்டார், மினசோட்டா 15 புள்ளியில் தோற்றது. ஆறாவதில் கான்லி திரும்பினார், 115–70 என்று வென்றார்கள். ஏழாவதில் 20 புள்ளி பின்தங்கியிருந்து எழுந்து, 98–90 என்று டென்வரிலேயே தொடரை முடித்தார்கள். மூன்று ஆட்டத்தை வைத்து எல்லாவற்றையும் நிரூபித்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூன்று ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு, யாராவது ஒருவர் அமைதியாகப் பந்தைக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும். 2004-க்குப் பிறகு மினசோட்டா மேற்குப் பிரிவின் இறுதிக்கு முதன்முறையாகப் போனது அப்போதுதான்.

அவர் வாங்கினதெல்லாம் 'நல்ல பையன்' விருதுதானே?

இந்த விருதுகளை அப்படித் தள்ளிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஆட்டப் பண்புக்கான விருதை 2014, 2016, 2019 என மூன்று முறை பெற்றார். சிறந்த சக ஆட்டக்காரர் விருதை 2019-லும் 2024-லும் பெற்றார். இரண்டுக்கும் இறுதி வாக்களிப்பவர்கள் அவரோடும் அவருக்கு எதிராகவும் ஆடிய ஆட்டக்காரர்களே.

சக ஆட்டக்காரர் விருதுக்கு ஜாக் ட்வைமன், மாரிஸ் ஸ்டோக்ஸ் என்னும் இருவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1958-இல் ஓர் ஆட்டத்தில் ஸ்டோக்ஸ் கீழே விழுந்து தலையில் அடிபட்டு, சில நாளில் உடல் செயலிழந்துபோனார். அவரோடு ஒரே அணியில் ஆடிய ட்வைமன் சட்டப்படி அவருடைய காப்பாளராகி, மருத்துவச் செலவுக்குப் பணம் திரட்டி, 1970-இல் ஸ்டோக்ஸ் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிறகு, அந்த விருதை இரண்டு வெவ்வேறு அணிகளில் இருந்தபோது ஒருவர் பெற்றதைச் சிறியதாக நினைக்க முடியாது.

நம்ம டிராவிட் மாதிரின்னு சொல்லலாமா?

பெங்களூரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? குணத்திலும் பொறுமையிலும் ஒப்பிடலாம். ஆனால் டிராவிடின் உழைப்பு 13,288 டெஸ்ட் ரன்களாக ஏட்டில் பதிவாகியிருக்கிறது, யாரும் அதை அழிக்க முடியாது. கான்லியின் உழைப்பில் பாதி, பாயிண்ட் கார்டு பற்றிய பதிலில் சொன்னபடி, எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அதனால்தான் அவரைப் பற்றி வாய்விட்டுப் பேச ரசிகர்கள் தேவைப்படுகிறார்கள்.

மேடம், என் பொண்ணு உயரம் கம்மி. இவரைப் பாத்து அவ என்ன கத்துக்கலாம்?

மூன்று விஷயங்கள். பலவீனமான கையால் தினமும் லே அப் (வளையத்தை ஒட்டி வந்து போடும் ஷாட்) போடட்டும், பிறகு அதே கையால் நான்கைந்து அடி தூரத்திலிருந்து ஃப்ளோட்டர் பழகட்டும். உயரமானவர்களின் கைக்கு மேலே பந்தை அனுப்ப அதைவிட நல்ல வழி இல்லை. அடுத்து, ஸ்கிரீனைத் தாண்டியதும் ஓடாமல் நிற்கக் கற்றுக்கொள்ளட்டும். எங்கள் கோர்ட்டில் பிள்ளைகளுக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது இதுதான். ஸ்கிரீன் கிடைத்த மகிழ்ச்சியில் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்து, காத்திருக்கும் சென்டரின் மேல் மோதிவிடுகிறார்கள். மூன்றாவதாக, தடுப்பாட்டத்தில் கையை நீட்டுவதற்கு முன் காலை நகர்த்தட்டும். ஆறடியை ஒட்டிய உயரம்தான் கான்லிக்கு, என்பிஏ கணக்கில் அது குட்டை. அந்த உயரத்தோடு அவர் தடுப்பாட்ட அணியில் இடம்பெற்றது கால்களால்.

ஒரு சாம்பியன்ஷிப் மோதிரம்கூட இல்லாதவரை எப்படிப் பெரிய ஆளுன்னு ஒத்துக்கிறது?

கோப்பை அணிக்குக் கிடைப்பது. கரியின் கோல்டன் ஸ்டேட், சான் அன்டோனியோ என்று தன் காலத்தின் மிகப் பெரிய அணிகள் இருந்த பிரிவில், சிறிய நகர அணிகளோடு அவர் ஆடினார். மூன்று அணியில் எங்கே போனாலும் அந்த அணி முன்பைவிட நன்றாக ஆடும் காலம் வந்தது. 2015-இல் முகம், 2021-இல் தொடை என்று, வழி திறந்த நேரத்தில் உடல் இரண்டு முறை அவரைக் கைவிட்டது. கிறிஸ் பாலுக்கு நிகராகவோ கரிக்கு நிகராகவோ அவரை நான் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. அவர்களுக்கு அடுத்த வரிசையில் அவருடைய பெயரைச் சொல்லத் தயங்குபவர்களோடுதான் என் வாதம்.

மெம்பிஸ்ல மத்த மூணு பேர் ஜெர்சியும் மேல ஏத்திட்டாங்களே, அப்போ கான்லி?

ரேண்டால்ஃபின் 50, கசோலின் 33, ஆலனின் 9 ஆகிய எண்களுக்கு மெம்பிஸ் ஓய்வு கொடுத்து அரங்கின் கூரையில் ஏற்றியிருக்கிறது. ஒருவர் ஆட்டத்தை விட்ட பிறகே பொதுவாக இந்த மரியாதையைச் செய்வார்கள், மற்ற மூவரும் விட்ட பிறகும் கான்லி ஆடிக்கொண்டிருந்தார். மெம்பிஸில் அவர் அணிந்தது 11. அந்த நால்வரில் அதிக ஆண்டுகள் அங்கே ஆடியவரும், அணியின் சாதனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தவரும் அவரே என்பதால், 11 அங்கே ஏறாமல் அந்த வரிசை முழுமை பெறாது. அது ஏறும் விழா நம் ஊர் நேரத்துக்குக் காலையில்தான் வரும். அன்று நான் அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொள்வேன்.